நாலணா உறுப்பினர்

எங்கள் ஊர்ப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. சென்னையில் குடியேறி நாற்பது வருஷம் ஆன பிறகும் கடைக்காரரிடம் 'வேர்க்கடலை' என்று கேட்கும்போது வேறு யாருடைய வாயாலோ பேசுவதுபோல இருக்கிறது எனக்கு.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வரும் ஒரு கிராமம் எங்களுடையது. அங்கே 'கமிட்டி' என்றால் இரண்டு. ஒன்று, மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும் மார்க்கெட் கமிட்டி. இன்னொன்று காங்கிரஸ் கமிட்டி. "கமிட்டிக்குப் போயிட்டு வரேன்" என்று தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டால் ஆயா மாட்டுக்கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். வண்டி பூட்டியிருந்தால் மார்க்கெட். வண்டி சும்மா கிடந்தால் காங்கிரஸ். முதல் கமிட்டியிலிருந்து திரும்பும்போது மடியில் பணம் இருக்கும். இரண்டாவதிலிருந்து திரும்பும்போது வாயில் வசவு இருக்கும்.

அந்த வசவைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாத்தா சாகும்வரை கதர்தான் கட்டினார். காங்கிரசுக்குத் தவிர வேறு யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. அந்தக் காங்கிரசை அவர் அளவுக்குத் திட்டிய ஓர் ஆளை எங்கள் ஊர்த் தி.மு.க. கிளையில்கூட நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி முடியும். திண்ணையில் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். விதைக்கு மல்லாட்டை உடைக்கிற காலமாக இருந்தால் முறம் நடுவில் வரும். கை தோலை உடைக்கும், வாய் மந்திரிகளை உடைக்கும். யாராவது புதிதாக வந்த மாப்பிள்ளை, "என்னங்க, உங்க கட்சியையே இப்படிப் பேசுறீங்க" என்று கேட்டுவிட்டால் போதும். தாத்தா நிமிர்ந்து உட்காருவார். "நாலணா குடுத்துச் சேந்திருக்கேன் மாப்ள. கேக்கறதுக்கு உரிமை இருக்கு. குடுக்காதவந்தான் வாயப் பொத்திக்கினு இருக்கணும்."

நாலணா என்பது காங்கிரசின் உறுப்பினர் கட்டணம். அதைக் கட்டினால் 'நாலணா மெம்பர்'. காந்தியார் 1934-இல் கட்சியை விட்டு விலகிய பிறகு அவர் நாலணா உறுப்பினர்கூட இல்லை என்பார்கள். தாத்தாவுக்கு அதிலும் ஒரு பெருமை உண்டு. "அவரு இல்ல, நான் இருக்கேன்."

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில் இருக்கிறது ஓமந்தூர். அந்த ஊர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள். சுதந்திரம் வந்த அன்று மாகாணத்தை ஆண்டவர் எங்கள் பக்கத்து விவசாயி. இது தாத்தாவுக்குத் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி. ரெட்டியாரின் ஆட்சியில் நடந்தவற்றை அவர் மல்லாட்டை எண்ணுவதுபோலச் சொல்லிக்கொண்டே போவார்: ஆலய நுழைவுச் சட்டம் 1947, தேவதாசி ஒழிப்புச் சட்டம் அதே ஆண்டு, ஜமீன் ஒழிப்பு 1948, மாகாணம் முழுக்க மதுவிலக்கு 1948 அக்டோபர் 2. இரண்டே வருஷ ஆட்சி. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். பிறகு வள்ளலாரின் வடலூரில் போய் உட்கார்ந்துவிட்டார். 1970-இல் இறந்தார்.

இவ்வளவு பெருமை பேசியவர் ரெட்டியாரை விட்டுவைத்தாரா என்றால், இல்லை. 1938-இல் ராஜாஜி இந்தியைக் கட்டாயமாக்கிச் சூடு பட்ட பிறகும் 1948-இல் ரெட்டியார் ஆட்சி இன்னொரு முறை அதே அடுப்பில் கை வைத்தது. அதே வருஷம் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டது. "சட்ட கருப்பா இருந்தா இன்னா, செவப்பா இருந்தா இன்னா? மல்லாட்டத் தோல பாத்தா பயிறு தெரியுமா?" என்பார். மதுவிலக்கில் அவருக்கு இரண்டு மனம். குடி ஒழிந்ததில் சந்தோஷம். ஆனால் எங்கள் பகுதி பனங்காடு. கள் இறக்கி வாழ்ந்தவர்களின் பானையைப் பறித்த அரசு, அவர்கள் கையில் வேறு எதைக் கொடுத்தது என்று கேட்பார். பதநீர் இறக்கலாம் என்று லைசென்ஸ் கொடுத்தார்கள். கூடவே, சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று பானையில் கைவிட்டுப் பார்க்கப் போலீஸும் வந்தது. "மரத்து மேல இருக்கறவனப் புடிக்கிறானுவ, ஓடையில காச்சறவன உட்டுடறானுவ." மரக்காணம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் குடித்துச் செத்தவர்களின் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்தத் திண்ணைக் குரல்தான் காதில் விழுந்தது. ஆட்சிகள் மாறின. ஓடை அங்கேயேதான் இருக்கிறது.

ரெட்டியார் ஏன் இரண்டு வருஷத்தில் போனார்? சிபாரிசுக்கு வளையவில்லை, கட்சிக்காரர்கள் நிர்வாகத்தில் கை வைக்க விடவில்லை. அதுதான் காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவரைக் கொண்டுவந்த காமராஜரே அவர் போவதற்கும் வழிவிட்டார். அடுத்து ராஜபாளையம் குமாரசாமி ராஜா வந்தார். தாத்தா காமராஜரைத் தெய்வமாக நினைத்த ஆள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்கவே இல்லை. "கொண்டாந்தவரே கொண்டுபோய் உட்டாரு" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, தலைவர் தேர்தல் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது. தாத்தா முறத்தை இழுத்துப் போட்டார். உடைத்த பயிறை எண்ணச் சொன்னார். இந்தப் பக்கம் 82, அந்தப் பக்கம் 69. "இது 1946. இந்தக் குமி பிரகாசம். அந்தக் குமி முத்துரங்க முதலியார்." மேலிடத்துக்கும் காந்திக்கும் ராஜாஜி வந்தால் தேவலை என்றிருந்தது. சட்டமன்றக் காங்கிரசார் கேட்கவில்லை. காமராஜர் கோஷ்டி முத்துரங்க முதலியாரை நிறுத்தியது, ராஜாஜி கோஷ்டி ஒதுங்கி நின்றது, ஆந்திரத்துப் பிரகாசம் ஜெயித்தார். ஒரு வருஷம் முடியவில்லை, அவரையும் இறக்கினார்கள். அப்புறம்தான் ரெட்டியார்.

பயிறைக் கலைத்துவிட்டு மறுபடி எண்ணச் சொன்னார். 93, 41. "இது 1954. இது காமராஜ், இது சி. சுப்பிரமணியம்." குலக்கல்வித் திட்டத்தால் ராஜாஜியின் ஆட்சி ஆடிப்போயிருந்தது. அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில். காங்கிரசுக்குள்ளேயே அதை எதிர்த்தார்கள். ராஜாஜி விலகினார். அவர் நினைத்த ஆள் சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஓட்டு நடந்தது. எண்ணிக்கை வெளியே வந்தது. இதுவரை சொல்லிவிட்டு, சிறிய குவியலை உள்ளங்கையால் தள்ளிப் பெரிய குவியலோடு சேர்த்தார் தாத்தா. "இப்பப் பாரு. தோத்தவரும் மந்திரி, தோத்தவரு பேரச் சொன்னவரும் மந்திரி. மொத்தமே எட்டுப் பேரு." காமராஜரின் முதல் அமைச்சரவை எட்டுப் பேரைக் கொண்டது, அதில் சுப்பிரமணியமும் பக்தவத்சலமும் இருந்தார்கள் என்பதை நான் பின்னால் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் புத்தகத்தில் பயிறு வாசனை இல்லை.

அந்த எட்டுப் பேரில் எங்கள் தென்னாற்காட்டுக்காரர் ஒருவரும் இருந்தார்: எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி. அந்தக் கதையில் தாத்தாவுக்குக் கசப்பும் உண்டு, ரசனையும் உண்டு. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் பிடித்தது 152 மட்டும். பெரும்பான்மை இல்லை. எங்கள் பகுதியில் காங்கிரசை மண்ணைக் கவ்வ வைத்தது கம்யூனிஸ்டுகளோ திராவிட இயக்கமோ அல்ல. ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி. 19 இடம். வட ஆற்காட்டில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடம். நிலத்தில் பாடுபட்டவர்களைக் காங்கிரஸ் மேடையில் ஏற்றவில்லை, மிராசுதார்களையும் வக்கீல்களையும்தான் ஏற்றியது. அதற்குக் கிடைத்த அடி அது. ஆனால் அடி வாங்கிய கட்சி என்ன செய்தது? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கியது. மாணிக்கவேலு நாயகரை அப்போதே மந்திரியாக்கியது. படையாட்சியை 1954-இல் இழுத்துக்கொண்டது. இரண்டு கட்சியும் காங்கிரசுக்குள் கரைந்தன. "அடிச்சவனக் கூட்டியாந்து பக்கத்துல ஒக்கார வெச்சிக்கிறது எங்க கட்சிக்குக் கைவந்த கலை" என்று தாத்தா சொல்வார். பாராட்டா திட்டா என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரியவில்லை. அதே ராமசாமி படையாட்சி 1980-இலும் 1984-இலும் திண்டிவனத்தின் காங்கிரஸ் எம்.பி. ஆனார். அதைப் பார்க்கத் தாத்தா இல்லை.

கட்சிக்காரரே கட்சியைத் திட்டியது எங்கள் தாத்தாவின் தனிக் கிறுக்கு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கல்லூரியில் ரஜினி கோத்தாரி என்ற அரசியல் அறிஞர் 1964-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. ஒரே கட்சி திரும்பத் திரும்ப ஆண்டும் இந்தியாவில் ஜனநாயகம் ஏன் மூச்சுவிடுகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம், எதிர்க்கட்சியின் வேலையை ஆளுங்கட்சியின் கோஷ்டிகளே செய்தன என்பது. அட, இது நம் திண்ணை அல்லவா என்று தோன்றியது. ஜப்பானில் 1955-லிருந்து ஏறக்குறைய தொடர்ந்து ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியில் வெகுகாலம் கோஷ்டிகள் எதிரெதிரே ஆள் நிறுத்தின, ஓட்டு எண்ணப்பட்டது. மெக்சிகோவில் 1929 முதல் 2000 வரை ஆண்ட கட்சியிலோ, நாற்காலியில் இருக்கும் அதிபர் யார் பக்கம் விரல் நீட்டுகிறாரோ அவரே அடுத்த ஆள். விரலை வைத்தே அதற்கு அங்கே ஒரு சொல் உண்டாம். நம் காங்கிரஸ் முதலில் ஜப்பான் மாதிரி இருந்து பிறகு மெக்சிகோ மாதிரி ஆனது என்று நான் சொன்னால் தாத்தா, "அந்த ஊரு மல்லாட்டை எப்படிடா இருக்கும்" என்று கேட்டிருப்பார்.

1963-இல் காமராஜர் தானே ஒரு திட்டம் போட்டு, கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார். அக்டோபர் 2-ஆம் தேதி பக்தவத்சலம் முதலமைச்சர். தாத்தாவின் கணக்கில் அன்றைக்குத்தான் சரிவு ஆரம்பம். "ஏர் ஓட்றவன் மேழிய உட்டுட்டு வரப்புல நின்னு சொல்லித்தரேன்னா, மாடு யாரு பேச்சக் கேக்கும்?" 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்பு. எங்கள் தென்னாற்காட்டிலேயே, சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். செய்தி வந்த அன்று திண்ணைக்கு யாரும் வரவில்லை. தாத்தா தனியாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்த பயிறைத் தோலோடு சேர்த்தே மறுபடி முறத்தில் போட்டுக்கொண்டிருந்ததை ஆயாதான் கவனித்தாள்.

பிறகு அரிசி. அறுபதுகளின் நடுவில் வரிசையில் நின்று வாங்கிய ரேஷன் அரிசியை நானும் சாப்பிட்டிருக்கிறேன். நெல் விளைகிற ஊரில் லெவி என்று அளந்து கொண்டுபோனார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தை 1961-இல் கொண்டுவந்தது காங்கிரஸ்தான், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். ஆனால் மகன் பேரில், மருமகள் பேரில், கோயில் பேரில், ஏன், மாட்டுக்காரன் பேரில்கூட நிலம் எழுதப்பட்டதை ஊரே பார்த்தது. பஸ் பர்மிட்டும் ரைஸ் மில் லைசென்சும் யார் யாருக்குப் போயின என்று தாத்தா விரல் மடக்கிச் சொல்வார். எல்லாரும் கதர் கட்டியவர்கள்தான். அவர்களில் இரண்டு பேர் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்வார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நானும் நல்லதையே நினைத்து உருகும் கிழவன் ஆகிவிடுவேன். அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்காரவில்லை. எங்கள் பண்ணையில் படியாளாக இருந்த ஒரு பெரியவர் தெருவில்தான் நிற்பார். துண்டு கக்கத்தில் இருக்கும். திண்ணையில் நடக்கும் பேச்சை முழுக்கக் கேட்பார். பேசமாட்டார். கோயில் கதவைத் திறக்கச் சட்டம் போட்ட மனிதரின் ஊர் சில மைல் தூரத்தில். எங்கள் திண்ணைக்கு அந்தச் சட்டம் வந்துசேரவில்லை. காமராஜர் அமைச்சரவையில் பி. பரமேஸ்வரன் என்ற தலித் தலைவர் கையில் அறநிலையத் துறையே இருந்தது. அதைத் தாத்தா பெருமையாகச் சொல்லும்போது அந்தப் பெரியவர் அதே தெருவில் நின்றுதான் கேட்டார்.

ஒருநாள் அவர் பேசினார். 1967 தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும். திண்ணையில் வழக்கம்போல அரிசியை முன்வைத்து மந்திரிசபைக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து கேட்டார்: "ஏஞ்சாமி, நீங்களே திட்றீங்க, நீங்களே ஓட்டும் போடறீங்க. அப்ப நாங்க யாருக்குப் போடறது?"

தாத்தாவுக்குப் பதில் வரவில்லை. நாலணாக் கதையை அவரிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. தி.மு.க. 137 இடம். காங்கிரஸ் 51. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் தோற்றார். எங்கள் நைனா விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியர். உதயசூரியன்காரர். அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில் ஒரு பொட்டலம் மிட்டாயோடு வந்தார். தாத்தா திண்ணையில் படுத்திருந்தார். நைனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே போனார். மிட்டாயை எங்களுக்கு அடுப்படியில் வைத்துத்தான் கொடுத்தார். மறுநாள் காலை தாத்தா நைனாவைக் கூப்பிட்டுப் பேப்பரைப் படிக்கச் சொன்னார். நூற்றுக்கு 41 பேர் அப்போதும் காங்கிரசுக்குத்தான் போட்டிருந்தார்கள், தி.மு.க.வைவிட ஒரு முடி அதிகம். "ஓட்டு கொறையல, நைனா. எதிர இருக்கறவன் எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டான். நாங்க ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கினே இருந்துட்டோம்" என்றார். பிறகு ஒரு வாய் காபி குடித்துவிட்டு, "தோக்க வேண்டிய ஆட்டம்தான்" என்றார். மகனைத் தன் அப்பாவைக் கூப்பிடுவதுபோல 'நைனா' என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

நைனாவிடம் ஒரு பழக்கம். தன் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். ரெட்டியார் கொண்டுவந்த மதுவிலக்கை 1971-இல் தி.மு.க. அரசு தளர்த்தியது. சாராயக்கடை வந்தது. வகுப்பில் குடியின் தீமை பற்றிக் கட்டுரை எழுதவைத்த மனிதர் வீட்டில், "மத்திய சர்க்கார் நஷ்ட ஈடு தரல, என்ன பண்றது" என்றார். "நம்ம ஆட்சிய நாமளே பேசக் கூடாது. வெளிய இருக்கறவன் பேசட்டும்." அடுத்த வருஷம் கட்சி உடைந்து எம்.ஜி.ஆர். வெளியே போனபோதும் அப்படித்தான். பேசியவர்கள் எல்லாம் துரோகி ஆனார்கள். தாத்தா ஒரே ஒரு தடவை குறுக்கே வந்தார்: "வூட்டுக்குள்ள சண்ட போட்டா வூடு நிக்கும்டா. வெளிய போய்ச் சண்ட போட்டா ரெண்டு வூடாய்டும்." காங்கிரஸ் 1969-இல் இரண்டு வீடு ஆனதை நைனா ஞாபகப்படுத்தினார். தாத்தா எழுந்து போய்விட்டார். அவர் எழுந்து போய் நான் பார்த்த ஒரே விவாதம் அதுதான்.

பின்னாளைய கதையை நீட்டுவதில் எனக்கு ருசி இல்லை. 1967-க்குப் பிறகு காங்கிரஸ் இங்கே திரும்ப ஆட்சி அமைத்ததில்லை. மாநிலத் தலைவர் யார் என்பதைப் பயிறு எண்ணித் தீர்மானிக்கும் வழக்கம் போய், டெல்லியிலிருந்து உறை வரும் வழக்கம் வந்தது. 1989-இல் மூப்பனாரை முன்னிறுத்தித் தனியாக நின்று, ராஜீவ் காந்தி திரும்பத் திரும்ப வந்து சுற்றியும் கிடைத்தது 26 இடம். 1996-இல் மூப்பனார் வேறு வீடு கட்டினார். அவர் மறைந்த பிறகு 2002-இல் அது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. திண்டிவனம் என்ற ஊரையே பெயருக்கு முன்னால் சுமந்த கே. ராமமூர்த்தி மாநிலத் தலைவர் ஆனபோது ஊரில் வெடி வெடித்தார்கள். வெடித்த சிலரில் ஒருவரைக் கேட்டேன்: எத்தனை ஓட்டில் ஜெயித்தார்? அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காங்கிரஸ் அலுவலகமான சத்தியமூர்த்தி பவனில் வேட்டி கிழிந்த செய்திகளைக் காட்டி, "இதுதானே உங்க தாத்தா காலத்து உட்கட்சி ஜனநாயகம்" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். கேலியில் நியாயம் உண்டு. கோஷ்டிச் சண்டை என்னவோ மிச்சம் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சண்டையின் முடிவில் ஓர் எண் வந்தது: 82, 69, 93, 41. இந்தச் சண்டையின் முடிவில் கிழிந்த வேட்டி வந்தது.

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. தி.மு.க.வில் 1969 முதல் 2018 வரை ஒரே தலைவர்; அடுத்தவர் போட்டியின்றித் தேர்வு. அ.தி.மு.க.வில் 2022-இல் இருவர் மோதியபோது ஓட்டுப் பெட்டி வரவில்லை, வழக்குக் கட்டு வந்தது. பொதுக்குழு செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. ஓமந்தூர் இருக்கும் அதே பாண்டிச் சாலையில் தைலாபுரம் இருக்கிறது. 2025-இல் அங்கே பா.ம.க.வின் தலைவர் அப்பாவா மகனா என்று தகராறு. 1987-இல் இடஒதுக்கீட்டுக்காக இந்தச் சாலைகளில் மரம் வெட்டிப் போட்டு, துப்பாக்கிச் சூட்டில் 21 பேர் உயிர் கொடுத்த மக்களின் கட்சி அது. அந்த மக்கள் அதில் ஓர் எண்ணாகவாவது வந்தார்களா? விக்கிரவாண்டி வி.சாலையில் 2024 அக்டோபர் 27-இல் நடிகர் விஜய் மாநாடு போட்டபோது நான் அந்த வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம் நெரிசல். பக்கத்துச் சீட்டுப் பையன் கழுத்தில் கட்சித் துண்டு. "தம்பி, உங்க தலைவர்கிட்ட உனக்குப் பிடிக்காதது ஒண்ணு சொல்லேன்" என்றேன். பையன் நல்ல பையன். ரொம்ப நேரம் யோசித்தான். "அப்படி எதுவும் இல்ல சார்" என்றான். நைனா ஞாபகம் வந்தது.

என்னைக் கேட்டால்? நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சியையும் செல்போனில் திட்டுகிறேன். அது திட்டே அல்ல என்று தாத்தா சொல்வார். நாலணா கொடுக்காதவன் திட்டு.

ஆயா 1986-இல் இறந்தாள். வீட்டை விற்பதற்கு முன்னால் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினோம். கதர்த் துணி இரண்டு, ராட்டையின் கதிர் ஒன்று, அடியில் ஒரு காங்கிரஸ் ரசீதுப் புத்தகம். 1946-ஆம் வருஷத்தியது. கிழிக்காமல் விட்ட அடிக்கட்டையில் பன்னிரண்டு பெயர். எல்லாம் தாத்தாவின் கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாலணா, அதற்குக் கீழே ஒரு கைநாட்டு. பன்னிரண்டும் எங்கள் பண்ணையாட்கள். ஐந்தாவது பெயர் தெருவில் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்.

கட்சித் தேர்தலுக்கு முன்னால் ஆள் கணக்குக் காட்டுவதற்காக நிலக்காரர்கள் தங்கள் ஆட்கள் பெயரில் தாங்களே காசு கட்டி உறுப்பினர் சேர்த்தது காங்கிரசில் ஊரறிந்த வியாதி. போலி மெம்பர் என்று அவர்களே மேடையில் திட்டிக்கொண்டார்கள். மூன்று ரூபாய் செலவில் தாத்தாவும் அதைச் செய்திருக்கிறார். 82, 69 என்று எனக்கு எண்ணிக் காட்டிய அதே வருஷம். அந்தக் குவியல்களுக்கு அடியில் எங்கள் வீட்டுப் பன்னிரண்டு பயிறும் எங்கோ கிடந்திருக்கிறது.

கைநாட்டு வைத்தவருக்குத் தான் நாலணா உறுப்பினர் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அன்று தெருவில் நின்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேள்வியையும் வேறு மாதிரி கேட்டிருப்பார். அவர் இறந்த பிறகுதான் ரசீது என் கையில் கிடைத்தது. அவருடைய பேரன் திண்டிவனத்தில் வக்கீலாக இருக்கிறார். ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த ரேகையின் மேல் தன் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். "அப்ப எங்க தாத்தாவும் காங்கிரஸ்ல இருந்திருக்காரு. அவருக்கே தெரியாம" என்றார். ஒரு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் தோட்டம் இருக்கிறது. 2010-இல் தலைமைச் செயலகமாகத் திறந்த கட்டடம் 2014-இல் மருத்துவமனை ஆனது. போன மாதம் அங்கே வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண் தன் அம்மாவிடம், "ஓமந்தூரார்னா பெரிய டாக்டரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

நாலணாக் காசு 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனது. தென்னாற்காட்டுப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பரணை ஒழிக்கும்போது ரசீதுப் புத்தகம் ஏதாவது அகப்பட்டால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கைநாட்டு யாருடையது என்று விசாரித்து, அந்த வீட்டுக்காரர்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.